வலது பக்கம் எடுத்த படம்

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கிடுங்க அண்ணாச்சி. இந்த சீட்டைத் துடைச்சிட்டு உக்காருதேன். எவனோ அவிச்ச கடலையைத் தின்னுட்டுத் தொலியை இங்கனயே துப்பிட்டுப் போயிருக்கான் பாருங்க. எச்சியோட கெடக்கு. த்தூ. மனுசன் உக்காருத எடமா இது. இதுக்குன்னே நான் ரெண்டு துண்டு வச்சிருப்பேன். ஒண்ணு என் மூஞ்சிக்கு, இன்னொண்ணு மத்தவங்க அசிங்கத்துக்கு.

நீங்க ராஜபாளையமா? சரி, அப்போ கடைசி வரைக்கும் போகணும். நான் சங்கரன்கோவில்ல இறங்கிடுவேன். அங்க ஒரு பொண்ணு பாக்குத வேலை இருக்கு. எனக்கில்ல, சிரிக்காதீங்க. தொழிலே அதான், கல்யாணத் தரகு. ஆவுடைநாயகம்னு சுரண்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ. முன்னல்லாம் நல்லவிதமாச் சொன்னாவ, இப்போ வேற மாதிரிச் சொல்லுதாவ. போன ஐப்பசியிலருந்து எம் பேரு இப்படி நாறிக் கெடக்கு. நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, அதனாலதான் உங்ககிட்ட வாயைத் தொறக்கேன். தெரிஞ்சவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா சாயந்தரத்துக்குள்ள தெருவே பேசும்.

என் தொழிலைப் பத்தி ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஒரு வீட்டுக்குப் போனா நான் சாதகத்தைப் பாக்க மாட்டேன். தண்ணி கொண்டாந்து குடுக்காவல்லா, அந்த டம்ளரு விளிம்பைப் பாப்பேன். விளிம்புல கறை இருந்தா அந்த வீட்டுல பொண்ணு எடுக்கக்கூடாது. இத்தனை வருசத்துல இது தப்பினதே கிடையாது. அடுத்ததா ஆளுக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கும். எந்தப் பொண்ணுக்கும், எந்தப் பையனுக்கும். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிச்சு அந்தப் பக்கமாத் திருப்பி வச்சுப் படம் எடுக்கணும். அதுதான் தரகு. மத்ததெல்லாம் சும்மா பஸ்ஸுக்கு அலையுத அலைச்சல்.

வேலாயுதம்னு ஒருத்தர், பக்கத்து ஊரு, வளையல் கடை வச்சிருக்காரு. அவரு மக செண்பகா. பொண்ணு நல்ல பொண்ணு, டம்ளரு சுத்தமா இருந்துச்சு. ஆனா இடது காதுச் சோணை சின்ன வயசுல அறுந்துபோய் தச்சிருக்கு. கைப்பிள்ளை ஒண்ணு கம்மலைப் பிடிச்சு இழுத்திருக்கு, அவ்வளவுதான். தச்ச எடம் கெட்டியா, கோடு போட்டாப்ல இருக்கும். நான் பொண்ணோட அம்மாகிட்ட சொன்னேன், "மாட்டல் போட்டு, பூவை அந்தப் பக்கம் சரிச்சு வைங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்"னு. பாத்துக்கிட்டேன். வலது பக்கமாத் திருப்பி ஒரு படம். பாத்தா நீங்களே மருமகளா எடுத்துக்கிடுவீங்க.

பையன் நயினார், சுரண்டையிலேயே பாத்திரக்கடை. அவன் அம்மா உலகம்மா தனியா நின்னு நடத்துத கடை. அப்பன் இல்ல. ஆளு லட்சணம்தான். ஆனா சட்டையைக் கழட்டினா நடு நெஞ்சுல தொண்டைக்குழிக்குக் கீழ தொடங்கி வயிறு வரைக்கும் ஒரே கோடு. சின்னப் பிள்ளையா இருக்கையில நெஞ்சைத் தொறந்து ஆபரேஷன் பண்ணியிருக்காவ. இருதயத்துல ஓட்டையாம். இடது காதும் கொஞ்சம் சின்னது, மேல் விளிம்பு மடிஞ்சிருக்கும். காதுக்கு முன்னால பயறு மாதிரி ரெண்டு சதைத் துண்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சாம், அதையும் வெட்டி எடுத்திருக்காவ. அடுப்பங்கரைக்குள்ள என்னைக் கூப்பிட்டு உலகம்மா காட்டிச்சு. பையன் சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், அந்தம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுவுது. "இது நமக்குள்ள இருக்கட்டும் அண்ணாச்சி"ன்னுச்சு. வாக்குக் குடுத்தேன். ஒரு பொம்பள கையப் பிடிச்சு அழுதா வேற என்ன செய்ய.

அவனுக்கும் வலது பக்கமா ஒரு படம் எடுத்தேன். எடுத்தது மட்டும் இல்ல, சபையில நிக்கும்போது இடது பக்கத்தைச் சுவத்துப் பக்கம் வச்சு நில்லுன்னு பழக்கிக் குடுத்தேன். இன்னிக்கும் அவன் அப்படித்தான் நிப்பான். பொண்டாட்டி கேட்டா என்ன சொல்லணும்னும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்: சின்ன வயசுல கிணத்துல விழுந்துட்டேன், கம்பி கிழிச்சுட்டு, காதும் கல்லுல பட்டு நசுங்கிட்டு. ஒரு பொய்யில ரெண்டு காரியம் முடிஞ்சு போச்சு. அங்க ஒரு குறை, இங்க ஒரு குறை, சரிக்குச் சரி. இதுல யாரு யாரை ஏமாத்தினா, நீங்களே சொல்லுங்க.

கல்யாணம் ஜோராத்தான் நடந்துச்சு. அந்தப் பொண்ணு செண்பகா இருக்காளே, பைத்தியக்காரப் பிள்ள, மொத நாளே பூவை எடுத்துட்டுக் காதைக் காட்டியிருக்கா. "இந்தா பாருங்க, என் காது அறுந்து தச்சது, இதை மறைச்சுட்டாவ, எனக்கு மனசு கேக்கல"ன்னுட்டா. அவன் சிரிச்சுக்கிட்டே "அதனால என்ன"ன்னானாம். சிரிச்சவன் பதிலுக்குத் தன் கதையைச் சொன்னானான்னா, கிணத்துக் கதையைத்தான் சொல்லியிருக்கான். நல்ல பையன், சொல்லிக் குடுத்ததை மறக்கல.

ஐப்பசியில பிள்ளை பொறந்துச்சு, பொட்டப்பிள்ளை. மகிழினின்னு பேரு. நான் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். துணியை விலக்கிக் காட்டினாவ. அண்ணாச்சி, சொல்லக் கூடாது, எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வந்துட்டு. இடது பக்கம் காதே இல்ல. காது இருக்க வேண்டிய எடத்துல அவரைக்கொட்டை அளவுக்குச் சுருண்ட சதை. ஓட்டை கூடக் கிடையாது. நான் துண்டை வாயில வச்சுக்கிட்டு வெளிய வந்து வேப்பமரத்தடியில துப்பினேன். பிள்ளையைக் கையில குடுக்க வந்தாவ, வாங்கல. நமக்கு அதெல்லாம் ஒத்துக்கிடாது.

அங்கனதான் பிடிச்சுது சனியன். பிரசவத்துக்குக் கொண்டுபோகையில நர்ஸ் பொண்ணு கம்மலு மாட்டலு எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டா. கழட்டினா தச்ச காது தெரியத்தான செய்யும். உலகம்மா பாத்துட்டு. பேத்தியையும் பாத்துட்டு. ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்காம சத்தம் போடுது, "மூளிக்காதியக் கொண்டாந்து என் வீட்டுல விட்டுட்டான் தரகன், மூளிப் பிள்ளையா பெத்து வச்சிருக்கா"ன்னு. என் கையைப் பிடிச்சு அழுத அதே வாயி. எனக்கு எப்படி இருக்கும். போறவன் வாரவன் எல்லாம் என்னைப் பாக்கான். அறுந்து தச்ச காது எப்படிம்மா பிள்ளைக்கு வரும்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். கேட்டா அடுத்த கேள்வி எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியாதா.

ஊரு பூரா அதையே பிடிச்சுக்கிட்டு. காதறுந்தவ பெத்ததுக்குக் காதில்லன்னு தண்ணி லாரி வர்ற எடத்துல பேசுதாளுவ. படிச்ச வாத்தியாரு ஒருத்தரு, அவரும் "அப்படியும் இருக்கலாம்"ங்காரு. சவம், என்ன சனங்க.

கொஞ்சம் இருங்க, போனு. சவத்த அடிக்கட்டும். அடிச்சு ஓஞ்சுரும்.

பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குதுன்னு மொதல்ல சொன்னாவ. ரெண்டு மடக்குக் குடிக்கும், நெத்தியெல்லாம் வேர்க்கும், மூச்சு வாங்கும், விட்டுரும். உலகம்மா, "ஆத்தாவுக்குப் பால் சரியில்ல"ன்னுட்டு. தடுப்பூசி போடக் கொண்டுபோன எடத்துல ஒரு டாக்டரம்மா, வயசு கம்மிதான், காதைப் பாத்துட்டு ஊசியைக் கீழ வச்சுட்டாவ. "இதுக்கு இருதயத்தை ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சா?"ன்னு கேட்டிருக்காவ. உலகம்மாவுக்கு வந்துச்சே கோவம். "காதுல குறைன்னா காதைப் பாருங்க, நெஞ்சுக்கு எதுக்குப் போறீங்க, ஸ்கேன் எடுத்துப் பிழைக்கிற பிழைப்பா"ன்னு கேட்டுட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டு. தான் பெத்த மகனுக்குக் காதும் நெஞ்சும் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்ச பொம்பள கேக்குத கேள்வியா அது. எனக்கு அருவருப்பா இருந்துச்சு அண்ணாச்சி. பொய் சொல்லலாம், தொழில்ல நானும் சொல்லுவேன். ஆனா அதுக்கு ஒரு மட்டு மரியாதை வேண்டாமா.

செண்பகா விடல. அவ அப்பாவைக் கூட்டிட்டுத் திருநெல்வேலியில கொண்டுபோயிப் பாத்துட்டா. ஓட்டை இருக்குன்னுட்டாவ, சின்ன ஓட்டை இல்லையாம். பொறவு ரெண்டு வீட்டாளும் வந்தாத்தான் பேசுவோம்னு அங்கத்த டாக்டரம்மா கூப்பிட்டுவிட, வேலாயுதம் என்னை வந்து பிடிச்சாரு. "நீங்க சேத்து வச்ச கல்யாணம், நீங்கதான் அவங்களைக் கூட்டிட்டு வரணும்"னாரு. வளையல் கடைக்காரரு, அழத் தெரியாத மனுசன், என் வாசல்ல நின்னு மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்காரு. சிந்தின கையை என் கதவுல துடைக்காரு. சரின்னு கூட்டிட்டுப் போனேன்.

அந்த ரூமை நினைச்சா இன்னும் டெட்டால் வாடை அடிக்கு. டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாவ. வயித்துல காது உருவாகுத அதே சமயத்துலதான் இருதயமும் உருவாகுதாம். ஒண்ணுல கோளாறுன்னா இன்னொண்ணையும் பாத்துரணுமாம். காது இப்படி இருக்குத எல்லாப் பிள்ளைக்கும் நெஞ்சுல ஓட்டை இருக்கும்னு இல்ல, ஆனா மத்த பிள்ளைகளை விட அதிகம்னாவ. அறுந்த காதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு செண்பகா காதைத் தொட்டுக் காட்டியே சொன்னாவ. சொல்லிட்டுக் கேட்டாவ பாருங்க ஒரு கேள்வி: "ரெண்டு குடும்பத்துலயும் யாருக்காவது பிறவியிலேயே காதுல குறை, இருதயத்துல குறை இருந்திருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில குடும்பத்துல இது வழிவழியா வரும். அந்த வகைன்னா ரத்தம், சிறுநீரகம் எல்லாம் தனியாப் பாக்கணும், ஆபரேஷன்லயும் வேற மாதிரி கவனிக்கணும். தெரியாமப் போனா பிள்ளைக்குத்தான் ஆபத்து."

நயினார் மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு, இடது பக்கத்தைச் சுவத்தோட ஒட்டி வச்சு நிக்கான். நான் பழக்கினபடியேதான். "இல்ல டாக்டர்"னான். உலகம்மா என்னைப் பாக்குது. வேலாயுதம் என்னைப் பாக்காரு. செண்பகா மட்டும் யாரையும் பாக்கல, அவ புருசன் சட்டைப் பட்டனையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன். எனக்கு அங்க என்ன வேலை, சொல்லுங்க. கேட்டது குடும்பத்தை. நான் குடும்பமா?

பொறவு நடந்ததுதான் அசிங்கம். காது உங்க பக்கம், நெஞ்சும் உங்க பக்கம்தான், பிள்ளையையும் உங்க பக்கமே வச்சுக்கிடுங்கன்னு உலகம்மா பொண்ணைப் பொறந்த வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு. ஆளுக்கொரு பக்கம் நாலு பேரைக் கூட்டி வச்சு வாசல்ல நின்னு பேசுதாவ, பிள்ளை உள்ள மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கு. சீர்ப் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கையில ஒரு குத்துவிளக்குக்குச் சண்டை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு இழுக்காவ. கல்யாணத்தை அத்து விட்டாச்சுன்னு முடிஞ்சப்போ ரெண்டு வீட்டாளும் ஒண்ணு சேந்து யாரைத் திட்டினாவ தெரியுமா. என்னைய. ஒருத்தன் என் மேல காப்பி டம்ளரை வீசுதான். விளிம்புல கறை இருந்துச்சு, அதையும் பாத்தேன்.

போன வாரம் செண்பகா என் வீட்டுக்கு வந்தா. ஒத்தையில, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு. பிள்ளை உதடு நாவப்பழம் தின்னாப்ல இருக்கு. உக்காரச் சொன்னேன், உக்காரல. "மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன்"னா. "அவருக்குக் காதும் நெஞ்சும் ஒரே கிணத்துலயா அடிபட்டுச்சு?"

நான் துண்டை எடுத்துத் திண்ணையைத் தட்டிக்கிட்டு இருந்தேன்.

"டாக்டரம்மாகிட்ட என் சந்தேகத்தைச் சொன்னேன். அவரு வந்து சட்டையைக் கழட்டிக் காட்டினாப் போதும், இல்ல வெவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் சொன்னாப் போதும்னாவ. அவரு போனை எடுக்க மாட்டேங்காரு. நீங்கதான் மாமா எல்லாம் தெரிஞ்சு பேசி முடிச்சீங்க. நான் அவருகூட வாழ வேண்டாம். ஊரு என்னைய என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போகட்டும். பிள்ளையைக் கீறுததுக்கு முன்னால டாக்டரம்மாகிட்ட மட்டும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க."

சொல்லிட்டே கால்ல விழ வாரா. பிள்ளையை என் மேல சாய்ச்சுட்டா. அது என் வெள்ளைச் சட்டையில பாலைக் கக்கிட்டு. புளிச்ச வாடை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. நான் பிள்ளையை அவகிட்டயே குடுத்துட்டு, "கிணத்துக் கம்பிதாம்மா, வேற ஒண்ணும் இல்ல"ன்னேன். ஒரு ரகசியத்தைக் காப்பாத்துதது லேசுன்னு நினைக்காதீங்க. அவ அழல. தன் முந்தானையாலயே என் சட்டையைத் துடைச்சுவிட்டுட்டுப் போனா. அந்தச் சட்டையை நான் அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். துவைச்சாலும் போகாது, அந்த வாடை.

பாருங்க, மறுபடியும் போனு. அவதான். மதுரைக்கு அனுப்பிட்டாவ, அங்கதான் இருக்கா, நாளைக்குக் காலையில பிள்ளைக்கு ஆபரேஷன். நேத்துலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா. எடுக்கச் சொல்லுதீங்களா? எடுத்து என்ன சொல்ல. சொன்னதையேதான் சொல்லணும். நாக்குப் பிசகினா இத்தனை வருசத் தொழிலு போச்சு. நாளைக்கு எந்த வீட்டுல என்னை நம்பி அடுப்பங்கரைக்குள்ள கூப்பிடுவாவ? எனக்கும் மனசு இல்லாம இல்ல. சாமிக்கு வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லாயிரும். நயினாருக்கு நல்லாகலையா, பாத்திரக்கடை வச்சு ஓகோன்னு இருக்கான்ல்லா.

எந்த ஆஸ்பத்திரின்னு எதுக்குக் கேக்கீங்க? பெரிய ஆஸ்பத்திரிதான், ஊருக்குள்ளயே இருக்கு. பேரைக் கேட்டு என்ன செய்யப் போறீங்க. செண்பகான்னு கேட்டா எல்லாருக்கும் தெரியுமாக்கும் அங்க.

சரி, விடுங்க. ஊரு வரப்போகுது. உங்ககிட்டப் பேசினதுல மனசு கொஞ்சம் லேசா இருக்கு. அந்தா, அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க. படம் கசங்கிரக் கூடாது. பாக்கீங்களா? மாப்பிள்ளை இவருதான். ஆமா, நயினார்தான். என்ன அப்படிப் பாக்கீங்க, அத்து விட்டாச்சுன்னுதான் சொன்னேம்லா. அவனும் எத்தனை நாளைக்குத் தனியாக் கெடப்பான். மொதத் தாரத்து வீட்டுல குறையை மறைச்சு ஏமாத்திட்டாவ, பாவம், நல்ல பையன்னு சொல்லியிருக்கேன். உடனே சரின்னுட்டாவ. இது போன வாரம் எடுத்த படம், அதே வலது பக்கம். முன்னைவிட இப்போ கொஞ்சம் சதை போட்டு நல்லா இருக்கான்.

பொண்ணு வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுக்கே வாரேன்னாரு. அந்தா நிக்காரு பாருங்க, டீக்கடைக்கிட்ட, மஞ்சப் பையோட. தங்கமான மனுசன். அவரு வீட்டு டம்ளரு கண்ணாடியா மின்னும். நீங்க ஒண்ணும் பேசிராதீங்க அண்ணாச்சி. முன்னப் பின்ன தெரியாதவருன்னு நம்பிச் சொல்லிட்டேன். உங்ககிட்டயும் வாக்கு வாங்கிட்டேன்னு வச்சுக்கிடுதேன், என்ன.

கொஞ்சம் வழி விடுங்க, இறங்கணும். ஏன் எந்திரிக்கீங்க? அண்ணாச்சி, நீங்க எதுக்கு முன்னால போறீங்க? உங்க டிக்கெட்டு ராஜபாளையத்துக்குல்லா?